அவளுக்கு வந்த வியாதி

"டீயை வெச்சுட்டு உள்ள போயிடு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத," என்றாள் மாமியார்.

மருமகள் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். தன் கணவனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்களுக்குத் தன் கையாலேயே டீ கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் நாக்குக் கூசவில்லை.

வந்திருந்தவர்கள் பெண்ணின் அப்பாவும் அக்காவும். ஜன்னலோரம் கணவன் தலையைத் தூக்காமல் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"மொத சம்சாரம் இருக்கும்போதே..." என்று இழுத்தார் பெண்ணின் அப்பா.

"என்னங்க செய்யறது? இவளுக்கு அசூஸ்பெர்மியா. பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. வயித்துல ஒரு புழு பூச்சி தங்காதாம். அவளே விலகிக்கறேன்னுட்டா."

கடைவாசல், கல்யாண வீடு, பஸ் நிறுத்தம் என்று ஓரிடம் விடாமல் மாமியார் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை அது. இங்கிலீஷ் வியாதி என்பதால் கேட்டவர்களும் உச்சுக்கொட்டினார்கள். மாமியாரைச் சொல்லிக் குற்றமில்லை. மகன் சொன்னதைத்தான் அவள் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன் குழந்தை இல்லையென்று காட்டப்போன இடத்தில் டாக்டர், "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா," என்று மருமகளை அனுப்பிவிட்டுக் கணவனிடம் மட்டும் பேசினார். ஆம்பளையிடம் சொன்னால் போதும் என்பது அங்கே வழக்கம். வெளியே வந்தவன் அந்த வார்த்தையைச் சொல்லி, "உனக்குத்தான்," என்றான். அவளும் நம்பினாள். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கவிடாமல் பிடுங்கியபோதும் பொறுத்துக்கொண்டாள். அவன் காலைப் பிடித்து மன்னிப்புக்கூடக் கேட்டாள், பாவி!

வீட்டில் ஏச்சு வாங்கிச் சலித்துப்போய்தான் ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தாள். நேற்று வகுப்பில் டீச்சர் மருத்துவ வார்த்தைகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு வந்தபோது அந்த வார்த்தையும் வந்தது.

"ஆம்பளைங்க விந்துல உயிரணு இல்லாம இருக்கறது."

"பொம்பளைங்களுக்கு வருமா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "வரவே வராதும்மா," என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்து, "பெரிய வார்த்தையைத் தலையில போட்டுட்டு ஓடிடக் கூடாது. நோயாளி முகத்தைப் பார்த்து, புரியற பேச்சுல சொல்லணும். குரலை உயர்த்தக் கூடாது," என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவனைத் தனியாகக் கேட்டாள். "வெளிய சொல்லித் தொலைச்சுடாத, என் மானம் போயிடும்," என்று கெஞ்சினான். அவள் மானம் கப்பலேறி ஆறு வருடமாகிறது. அது அவன் கணக்கில் வரவில்லை. இன்று வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்குத் தோன்றவில்லை.

மருமகள் தட்டை வைத்தாள். உள்ளே போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணவனுக்கு நேரே உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"ஏங்க, இப்படிப் பாருங்க. அத்தை சொல்ற வியாதி ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் வரும். உங்க விந்துல உயிரணு இல்ல. அதனாலதான் நமக்குக் குழந்தை இல்ல. அது உங்க தப்பு இல்ல. அதை என் தலையில கட்டினீங்களே, அதுதான் தப்பு."

பெண்ணின் அக்கா டீயைத் தொடாமல் எழுந்தாள். "வாங்கப்பா, போகலாம்."

"டேய், என்னடா சொல்றா இவ?" என்றாள் மாமியார். மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் மருமகள்மேல்தான் பாய்ந்தாள்.

"அதுக்காக? கட்டின புருஷனை நாலு பேர் முன்னாடி இப்படியா அசிங்கப்படுத்தறது? இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமாடீ?"

மருமகள் வகுப்புக்குப் போகும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆறு வருஷமா ஊர் பூரா நீங்கதானே அத்தை சொன்னீங்க? இனிமேலும் சொல்லுங்க. யாருக்குன்னு மட்டும் மாத்திச் சொல்லுங்க."