மணல் வாளியில் கிடந்த ரிமோட்

எங்கள் தெருவுக்கு வரவேண்டிய ஃபேன்கள் எங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு ஒரு காதுகுத்து விசேஷத்தில்தான் தெரிந்தது.

நான் வேல்விழி. ஊர் அச்சங்குளம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மின்பொறியியல் படித்ததற்குக் கிடைத்தது மின் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக வேலை. வீடு வீடாகப் போய் எது கரண்டைத் தின்கிறது என்று பார்க்கவேண்டும். குண்டு பல்பைக் கழற்றுங்கள், பழைய வயரை மாற்றுங்கள் என்று யோசனை சொல்லவேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வெந்து கிடக்கிறவளிடம் போய் ஃபேனைக் குறைத்து ஓட்டு என்று சொல்ல எனக்கென்ன கொழுப்பா?

இந்த வருஷம் சங்கம் உருப்படியாக ஒன்று செய்தது. பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் கரண்ட் குறைவாக இழுக்கிற புது ஃபேன், ரிமோட்டோடு, இலவசம் என்று முடிவானது. தெருவில் காட்ட மாதிரிக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அதை எங்கள் வீட்டிலேயே மாட்டினேன்.

என் அம்மா சோலையம்மாள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவாள். உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குள் வரும்போதும் அவள் கை தானாக ஜன்னல் கம்பியைத் தொடும். அப்படிப்பட்டவள் முன்னால் நான் ரிமோட்டை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. அம்மா அலறினாள்.

"ஏத்தா, வயரே இல்லாம அது எப்படிக் கேக்குது? பொறி பறந்துதான போயிருக்கும்?"

"பொறியெல்லாம் இல்லம்மா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

"கண்ணுக்குத் தெரியாம வேற பறக்குதா!"

மறுநாள் மாதிரி ஃபேனைக் கழற்றி ஆபீசில் ஒப்படைத்தபோது ரிமோட்டைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். கடைசியில் அடுப்படி மூலையில் ஒரு மணல் வாளி இருந்தது. கம்பெனியில் தீயணைக்க வைத்திருப்பார்களே, அதே மாதிரி அம்மாவும் ஒன்று வைத்திருக்கிறாள். அதற்குள் ரிமோட்டை ஆழமாகப் புதைத்திருந்தாள்.

தட்டித் துடைத்து என் பைக்குள் போட்டேன். மற்ற ஃபேன்கள் வரும்போது சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். அவை வரவில்லை.

"ஏ புள்ள, ஃபேன் வருமா, இல்ல படிச்ச புள்ளையும் எங்க காதுலதான் பூச்சுத்துதா?" என்று தெருவில் ஒவ்வொருத்தியும் கேட்டாள்.

சங்கத் தலைவர் சீனிவாசகத்திடம் போனேன். விருதுநகரில் எண்ணெய் வியாபாரம், சொந்தமாகக் கல்யாண மண்டபம். சிரித்தபடியே சொன்னார். "லோடு இன்னும் வரலம்மா. அந்த ஜனங்க இம்புட்டு நாள் புது ஃபேன் இல்லாம இருக்கலையா? என்ன அவசரம்?"

அந்த ஜனங்களில் ஒருத்தி அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

பிறகு அவர் பேரனுக்கு அவர் மண்டபத்திலேயே காதுகுத்து வந்தது. சங்கத்து ஊழியர்கள் எல்லோரும் பந்தி பார்க்க வரவேண்டுமாம். என் கையில் தண்ணீர் ஜக்கைக் கொடுத்தார்கள். மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். ஃபேன்கள் வரிசையாகச் சுற்றின. அதே வெள்ளை இறக்கை, அதே நீல வளையம்.

கடையிலும் இதே மாடல் கிடைக்கும்தான்; இந்த மாடல் எதுவானாலும் என் ரிமோட்டுக்குக் கேட்கும். ஆனால் கடையில் வாங்கியவரிடம் ரிமோட்டும் இருக்கவேண்டுமே. இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்து மின் சிக்கனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் சூலக்கரையிலிருந்து வந்த கூட்டுறவு அதிகாரி அம்மா. நான் ஒரு தூணோரமாக நின்று, துப்பட்டா மடிப்பிலிருந்து ரிமோட்டின் மூக்கை மட்டும் நீட்டி அமுக்கினேன்.

மேடைக்கு மேலே இருந்த ஃபேன்கள் நின்றன.

"கரண்ட் போயிருச்சா?" என்று தலைவர் மைக்கிலேயே கேட்டார். மைக் வேலை செய்தது. விளக்குகள் எரிந்தன. கூட்டம் சிரித்தது. மறுபடி அமுக்கினேன், சுற்றின. அவர் "சிக்கனம்" என்று ஆரம்பித்தார், நிறுத்தினேன். தாய்மாமன் மடியில் காது வலியில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகூட மேலே பார்த்துச் சிரித்தது. பட்டுச்சேலையில் வேர்த்து ஊற்றிய தலைவரின் மனைவி, "இந்தச் சனியன எங்கன பிடிச்சீக?" என்றார்.

அதிகாரி அம்மா கேட்டார். "இது ரிமோட்ல ஓடுற ஃபேன்தானே? ரிமோட் எங்க?"

தலைவர் எலக்ட்ரீசியனை மேடைக்குக் கூப்பிட்டார். "ஏலே காளீஸ்வரா, ரிமோட் எங்கலே?"

காளீஸ்வரனுக்கு மைக் பக்கத்தில் இருப்பது தெரியவில்லை. "அது பெட்டியோட சங்கத்துக் குடோன்ல கெடக்கு மொதலாளி. நீங்கதான ஃபேன மட்டும் களத்திட்டு வரச் சொன்னீக?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட நின்றுவிட்டது. அதிகாரி அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார்.

எனக்கு அவரைப் பிடித்துக்கொடுக்க ஆசைதான். ஆனால் கேஸ் என்று போனால் ஃபேன்களை எல்லாம் சாட்சி என்று ஏதாவது ஒரு அறையில் பூட்டிவிடுவார்கள். அடுத்த கோடையும் அம்மா வெந்துகொண்டே கிடப்பாள். ஜக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையேறி மைக்கை வாங்கினேன்.

"மேடம், அச்சங்குளம் ஜனங்களுக்குக் கொடுக்கப்போற ஃபேன் நல்லா ஓடுதான்னு தலைவர் தன் சொந்த மண்டபத்துலயே மாட்டிச் சோதிச்சுப் பாக்காக. இப்படியொரு தலைவர் எந்தச் சங்கத்துக்குக் கிடைப்பாக? எல்லாரும் கைதட்டுங்க!"

தட்டினார்கள். தலைவரும் தட்டினார், வேறு என்ன செய்வார்? அதிகாரி அம்மா என் துப்பட்டாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலைவரிடம், "சோதனை முடிஞ்சதுல்ல? நாளைக்கு நானே அச்சங்குளம் வந்து இதையெல்லாம் மாட்டுறதப் பாக்குறேன்" என்றார்.

வந்தார். ஃபேன்களும் வந்தன, இறக்கைகளில் காதுகுத்து ஜிகினா ஒட்டியபடியே. எனக்குக் காரியாபட்டிக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் போய்வந்துவிடலாம்.

அம்மா ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, ரிமோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினாள். காற்று வந்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"மண்டபத்துல இப்ப வேர்த்துக்கிட்டா கெடக்காக?"

"இல்லம்மா. தலைவர் சொந்தக் காசுல இதே மாடலையே வாங்கி மாட்டிட்டாராம். காளீஸ்வரன் அண்ணன் சொன்னாரு."

அம்மா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மணல் வாளிக்குப் பதிலாகத் தன் சுருக்குப்பையைத் தேடி எடுத்து, அதற்குள் அதைத் திணித்தாள்.

"ஏத்தா, அங்கன அடுத்த விசேஷம் என்னைக்கு?"