நூற்றுக்கு நூறு இரும்பு

சத்துமாவு கம்பெனியின் லேபில் அவருக்கு 'நூத்துக்கு நூறு' என்று பட்டப்பெயர். பன்னிரண்டு வருஷமாக அவர் கையெழுத்துப் போட்ட எந்த ரிப்போர்ட்டிலும் இரும்புச்சத்து இம்மியும் குறைந்ததில்லை. எப்படிக் குறையும்? மாவைக் கடுமையான ஆசிட்டில் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க விட்டால் துருப்பிடித்த ஆணிகூடக் கரைந்து கணக்குக் காட்டும். மனுஷருக்கு அதில் பெருமை வேறு.

அவருடைய தங்கைக்கு எட்டாம் மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருந்தது. பிரசவத்துக்குள் பத்தையாவது தொட வேண்டும் என்று டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது அவளுக்குக் குமட்டியது.

"அதத் தூக்கிப் போடும்மா. எங்க மாவு இருக்கு, நானே டெஸ்ட் பண்ணது" என்றார் அண்ணன்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேதாவிக்கு அதெல்லாம் எதற்கு? கட்டிலுக்கு அடியில் டப்பா டப்பாவாக அடுக்கிவிட்டார். அவளும் மூன்று வேளையும் மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள். ருசி பிரமாதம்.

ஒரு மாதம் கழித்து ரத்தம் எட்டு.

"மாத்திரை போடலையா?" என்று நர்ஸ் கேட்டாள். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சுவரைப் பார்த்தார். உடனே அட்மிட் பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

அவளைப் படுக்க வைத்துவிட்டு நேரே லேபுக்குப் போனார். அதே மாவை, வயிற்றில் இருக்கிற அளவு லேசான ஆசிட்டில், உடம்புச் சூட்டில் வைத்துக் குலுக்கி வடிகட்டினார். கரைந்தது நூற்றுக்கு நாலு. மிச்சமெல்லாம் வடிதாளில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. வயிறு ஒன்றும் லேப் அடுப்பில்லை என்று உறைக்க அவருக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

மேனேஜர் அவர் எழுதிக் கொண்டுபோன ரிசல்ட் தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லாக் கரையுற இரும்பு போட்டா கலர் மாறும், வாயில துரு வாசம் அடிக்கும், எவன் வாங்குவான்? டப்பாவுல இரும்பு இருக்குன்னுதான சார் போட்டிருக்கோம். உடம்புல ஒட்டும்னு எங்கயாவது போட்டிருக்கோமா?"

"என் தங்கச்சி இதத்தான் சார் குடிச்சா."

"பாவம். ஆனா இந்த நாலை எழுத ஃபாரத்துல கட்டமே இல்லையே."

அதுவும் உண்மைதான். அந்த ஃபாரத்தைத் தயாரித்தவரே நம்ம 'நூத்துக்கு நூறு'தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தங்கையின் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றை நம்பாமல் இரும்பை நேரே ரத்தத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரசவத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"அண்ணா, அதுக்குள்ள ரத்தம் பத்து வந்துடுமா?"

வாயைத் திறந்தால் நூறு சொல்கிற மனுஷர், சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்தபடி அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"தெரியலம்மா" என்றார்.