கத்துற கோழியா ஒண்ணு

கிருஷ்ணப்பனுக்கு ஒரு கோழி வேணும். சின்ன ஜாதியா இருக்கணும், பொட்டையா இருக்கணும், நல்லா கத்தணும். கத்தறதுதான் முக்கியம். ஆனா அத மட்டும் அவரு யாராண்டயும் வெளிய சொல்லிக்கல.

விம்கோ நகர்ல அவரு வூட்டுக்குப் பின்னாடி ஒரு துண்டு எடம் இருக்கு. தோட்டம்னு சொன்னா தோட்டம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பில, செவுத்தோரமா செம்பருத்தி, ஒடஞ்ச சிமெண்டுத் தொட்டில கொஞ்சம் கீரை. எல்லாம் அவரு சம்சாரம் வேம்பு வெச்சது. காலைல இலையத் தொட்டா கம்பெனிப் பொகக்கரி வெரல்ல கறுப்பா ஒட்டும். வேம்பு இருந்தப்ப கொடத்துல தண்ணி மொண்டு இலைங்க மேல ஊத்திக் கழுவுவா. இப்ப அவ ஓசூர்ல இருக்கா. பொண்ணு எழில்மொழிக்குக் கொயந்த பொறந்தப்ப போனவ. புருசனும் பொஞ்சாதியும் வேலைக்குப் போறாங்க, புள்ளைய யாரு பாத்துக்கறதுன்னு அங்கயே தங்கிட்டா. சண்ட சச்சரவு ஒண்ணும் இல்ல. போனா, இருந்துட்டா, அவ்ளோதான்.

கிருஷ்ணப்பன் மணலில ஒரு கம்பெனில கம்ப்ரசர் ரூம்ல வேல பாத்தவரு. கல்யாணத்துக்கு முன்னாடி உள்ள போனவரு, பொண்ணக் கட்டிக் குடுத்துட்டுதான் வெளிய வந்தாரு. அந்த ரூம்ல யாரும் வாயால பேசமாட்டாங்க. மிஷினு சத்தத்துல பேசினா கேக்காது. எல்லாம் கைதான். டீ வந்துச்சின்னா கட்டவெரல ஒதட்டுல வெப்பாங்க. சூப்பர்வைசரு வர்றாருன்னா தோளத் தட்டிக் காட்டுவாங்க. உள்ள இருந்த வரிக்கும் எல்லாருக்கும் ஒரே காது, அதனால ஒண்ணும் தெரியல. வெளிய வந்தப்புறந்தான் தெரிஞ்சுது, தனக்கு மட்டும் ஊரே வாய மூடிக்கிச்சின்னு.

காது மொத்தமாப் போயிடல. லாரி ஆரன் கேக்கும். ஆம்பள கொரலு, கிட்ட நின்னு மூஞ்சப் பாத்து பேசினா புரியும். சன்னமான சத்தம்தான் போச்சு. கொயந்தைங்க, பொம்பளைங்க, குக்கர் விசிலு. மொதல்ல போனது வேம்புவோட கொரலுதான். அவ அடுப்பாண்ட நின்னு பேசிக்கினே இருப்பா, இவரு பாட்டுக்கு டிவி பாத்துகினு இருப்பாரு. "நான் இன்னா செவுத்தாண்டயா பேசினு கீறேன்?"னு நேரா வந்து மூஞ்சிக்கு முன்னாடி நின்னு கேப்பா. அப்புறம் அவளும் கொறச்சிகினா.

ஃபோன்ல இன்னும் மோசம். வீடியோ போட்டா பேரப்பையன் வாயக் கொண்டாந்து திரைல வெச்சிப்பான். பின்னாடி வேம்பு வாய் அசையும். இவரு "ஆங், ஆங், செரி"ம்பாரு. எதுக்கு செரி சொன்னோம்னு அவருக்கே தெரியாது. கொஞ்ச நாள்ல சார்ஜ் போட மறந்துட்டேன்னு சொல்லிட்டு ஃபோன எடுக்கறதையே வுட்டுட்டாரு.

காதுல மாட்டுற மிஷினு ஒண்ணு பொண்ணு வாங்கிக் குடுத்தா. அத மாட்டிகினு தெருவுல எறங்கினாரு. பைக்கு, ஃபேனு, கவரு கசங்குறது, எல்லாம் ஒண்ணாச் சேந்து மண்டைக்குள்ள அதே கம்ப்ரசர் ரூம் ஓட ஆரமிச்சிது. அதுலேந்து வெளிய வந்ததே பெரும்பாடு, மறுபடி உள்ள போவணுமான்னு கழட்டி பீரோல வெச்சிட்டாரு.

அப்போதான் டீக்கடைல ஒருத்தன் தமாசுக்கு சொன்னான், "என் பொண்டாட்டிய வுட நான் வளக்குற கோழி ஜாஸ்தி பேசுது மாமு. காது வலிக்குது." எல்லாரும் சிரிச்சாங்க. கிருஷ்ணப்பன் சிரிக்கல. வூட்டுக்கு வந்தும் அதையே நெனச்சிகினு இருந்தாரு. காது வலிக்கிற அளவுக்குப் பேசற ஒண்ணு வூட்ல இருந்தா, அதுல கொஞ்சமாவது நமக்கு வந்து சேருமே.

ராயபுரத்துல ரஷீதுன்னு ஒருத்தன். கன்டெய்னர் லாரி ஓட்டுறவன், ஆசைக்கு மொட்டமாடில பேன்சி கோழி வளக்குறான். இஞ்சின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி அவனுக்கு தொண்டையே ஆரன் மாதிரி. அவன் பேசினா கிருஷ்ணப்பனுக்கு ஒரு வார்த்த வுடாம புரியும்.

"வா மாமு. தோட்டத்துக்குன்னியே, எவ்ளோ எடம் கீது?"

"ரெண்டு கட்டில் போடலாம்."

"அப்போ பெரிய ஜாதி வேணாம். மண்ணக் கெளறி கலீஜ் பண்ணிடும். இத பாரு."

பஞ்சு மிட்டாய் மாதிரி வெள்ளையா ஒண்ணக் கைல குடுத்தான். "சில்கி. பூன மாதிரி மடில குந்திக்கும். ஃபிளாட்ல கூட வெச்சிகினு கீறாங்க. சத்தமே போடாது."

"போடாதா?"

"கமுக்கமா கெடக்கும். கேரண்டி."

"வேணாம்."

அடுத்து ஒண்ணு, கால் முழுக்க எறகு, சாக்ஸ் போட்டா மாதிரி. "கொச்சின். வெள்ளக்காரி மாதிரி டீசன்டு. குந்தினா குந்துன எடம்."

கிருஷ்ணப்பன் அதத் தூக்கி காதாண்ட வெச்சிப் பாத்தாரு. ரஷீதுக்கு சிரிப்பு தாங்கல.

"இன்னா மாமு, ட்ரான்சிஸ்டர் கேக்குறியா? கண்ணப் பாப்பாங்க, றெக்கைய விரிச்சிப் பாப்பாங்க, நீ இன்னாடான்னா நியூஸ் கேக்குற!"

"வேற காட்டு நைனா."

கூண்டு ஓரமா செம்பட்ட நெறத்துல ஒண்ணு நின்னுச்சு. வாலு பாதி கொட்டிப்போயி, கழுத்துல ரெண்டு எடத்துல சொட்ட. "அதுவா? சிறுவிடை. நாட்டுக்கோழில சின்ன ஜாதி. அது வேணாம் மாமு, சரியான வாய்க்காரி. பக்கத்து மாடிக்காரன் அதுக்கோசரம் என்னாண்ட டெய்லி மல்லுக்கு நிக்கிறான்."

"எடு, பாப்போம்."

ரஷீது அதோட காலப் புடிச்சான். போட்டுது பாரு ஒரு கத்து. தகரக்கூர மேல பட்டு திரும்பி வந்துச்சு. அது கிருஷ்ணப்பன் காதுக்குள்ள போச்சு. நெசமாவே போச்சு. அவரு சட்டுனு கடல் பக்கம் திரும்பி, தூசி வுழுந்தா மாதிரி கண்ணத் தொடச்சிகினாரு.

"இதுதான் வேணும்."

"கலாய்க்கிறியா? செரி, உன் இஷ்டம். ஆனா ரெண்டா எடுத்துக்க. கூட்டத்துல பொறந்தது மாமு, ஒத்தையா வுட்டா பேஜாராயிடும். தொண இருந்தா அது பாட்டுக்கு அடங்கிக் கெடக்கும்."

"ஒண்ணு போதும்."

மனசுல அவருக்கு வேற நெனப்பு. ரெண்டு இருந்தா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும். ஓசூருக்குப் போனா அம்மாவும் பொண்ணும் பேசிக்கிற மாதிரி. இவரு நடுவுல குந்திகினு இந்த வாய ஒரு வாட்டி, அந்த வாய ஒரு வாட்டி பாத்துகினு இருக்கணும். ஒண்ணே ஒண்ணா இருந்தா? அது இவராண்டதான் பேசியாவணும்.

"கொஞ்ச நாளைக்கு கூடையக் கவுத்து அதுக்குள்ள வை"ன்னான் ரஷீது. "எடம் பயக்கமாவணும். அதுவரிக்கும் வாயத் தொறக்காது, பயப்படாத."

முருங்க மரத்தடில கூடையக் கவுத்தாரு. கம்பு போட்டாரு, தண்ணி வெச்சாரு, கீரையப் பொடிசா அரிஞ்சி போட்டாரு. கூடைய எடுத்தப்புறம் கோழி அவரு பின்னாடியே சுத்துச்சு. முட்டி மேல ஏறி குந்திகினு கைலேந்து கம்பு பொறுக்குச்சு. காலைல அவரு டீக்கடைக்குப் போய்ட்டு வந்தா கேட்டாண்ட வந்து நிக்கும். எல்லாம் செய்யும். சத்தம் மட்டும் இல்ல.

அலகத் தொறக்கும், மூடும். இவரு குனிஞ்சி காதக் குடுப்பாரு. ஒண்ணும் வராது. "கத்தும்மா. ஒரே ஒரு வாட்டி"ம்பாரு. அது தலைய சாச்சி ஒரு கண்ணால பாக்கும். ஒரு நாளு மனசக் கல்லாக்கிகினு, ரஷீது புடிச்சா மாதிரி காலப் புடிச்சா கத்துமேன்னு கைய நீட்டினாரு. அது பயப்படாம இன்னும் கிட்ட வந்துச்சு. கைய இழுத்துகினாரு.

அந்த நாள்ல பக்கத்து வூட்டம்மா செல்லக்கனி மதிலுக்கு மேல ரெண்டு மூணு வாட்டி தலைய நீட்டுச்சு. திசையன்வெளப் பக்கத்துலேந்து வந்து மளிகக்கட வெச்சிருக்கற குடும்பம். அது வாய் அசையறத இவரு தூரத்துலேந்து பாத்தாரு. புரியல. சும்மா தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு.

கடைசில அவரு மனசுல ஒண்ணு வந்து குந்திகிச்சு. ராயபுரத்துல தகரமே அதிர்ற மாதிரி கத்துன கோழி, இங்க வந்து ஊமையாயிடுச்சு. இந்த வூட்டுக்கு வர்றதெல்லாம் இப்டித்தான் ஆவுது. வேம்புவும் இங்க இருந்த கடைசி வருசம் இப்டித்தான் சுத்தினா, வேல செஞ்சா, பேசல. பாவம், இது இன்னாத்துக்கு? அதோட எடத்துலயே கொண்டு போய் வுட்ருவோம்.

ஞாயித்துக்கெழம காலைல கட்டப்பைல காத்துக்கு ஓட்ட போட்டு, கோழிய உள்ள வெச்சி, கேட்டத் தொறந்தாரு. எதுர்ல செல்லக்கனி. மாதா கோயில்ல பூசைக்குப் போய்ட்டு அப்பதான் வந்துருக்கு, தலைல முக்காடு கூட எடுக்கல.

"அண்ணாச்சி! கோழியத் திருப்பிக் குடுக்கப் போறியளா? புண்ணியமாப் போவும்!"

கிட்ட நின்னதால ஒதட்ட வெச்சி பாதி புரிஞ்சுது. "ஆமாம்மா. வெச்சிகினு இன்னா பண்றது? அது பேசவே மாட்டேங்குது."

செல்லக்கனி அவர மேலயும் கீழயும் பாத்துச்சு. "என்ன சொல்லுதிய?"

"ஊமையாயிடுச்சி. வந்ததுலேந்து ஒரு சத்தம் இல்ல."

"கிறுக்குத்தனமா பேசாதிய அண்ணாச்சி! அதா ஊமை? நீங்க டீ குடிக்கக் கேட்டத் தாண்டுனா போதும், அந்தால ஆரம்பிக்கும். மண்ட காஞ்சு போவுது. நீங்க திரும்பி வந்தாதான் அடங்கும். மதில்ல நின்னு எத்தன மட்டம் கூப்பாடு போட்டேன்? பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டிட்டுப் போயிட்டிய. என்னா திமிருன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட கூடச் சொன்னேன்."

"இரு, இரு. மெதுவா சொல்லு. என் மூஞ்சப் பாத்து சொல்லு."

அது மறுபடி சொல்லுச்சு. கிருஷ்ணப்பன் பையக் கீழ வெச்சிட்டாரு.

"நான் போனதும் கத்துதா?"

"பின்ன? பிள்ளையத் தொலச்சவ மாதிரி."

"எப்டி கத்துது?"

"எப்படின்னா? கோழி கத்துத மாதிரிதான்."

"செஞ்சி காட்டேன்."

செல்லக்கனி தெருவ அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துச்சு. மூஞ்சில கோவம் போயி ஒரு மாதிரி ஆயிடுச்சு. முக்காட்டப் பின்னுக்குத் தள்ளிட்டு, கழுத்த நீட்டி, "கெக் கெக் கெக் கெகேஏஏ"ன்னு கத்துச்சு. சைக்கிள்ல போன பால்காரன் கால ஊனி நின்னுட்டான்.

கிருஷ்ணப்பன் அந்த கழுத்து நரம்பையே பாத்துகினு இருந்தாரு. "எனக்குக் கேக்கல கனி"ன்னாரு. "காது போச்சு. கம்பெனிலயே போச்சு. வெளிய யாராண்டயும் சொல்லல."

செல்லக்கனி வாயப் பொத்திகிச்சு. அப்புறம் குனிஞ்சி அந்தப் பையப் பாத்துச்சு. நிமுந்து, அவரு மூஞ்சிக்கு நேரா, ஒவ்வொரு வார்த்தையா சொல்லுச்சு.

"இப்பங்கூட பேசிட்டுதான் இருக்கு அண்ணாச்சி."

"யாரு?"

"அதுதான். பைக்குள்ள. சன்னமா, கொர்ர் கொர்ருன்னு. நீங்க இருந்தா கத்தாதே தவிர, வாய் மூடாது. நீங்க பொறத்தால உக்காந்து கீர அரியுதிய, அது பாட்டுக்கு ஒங்ககிட்ட பேசிட்டே கெடக்கும். நான் பாத்திரம் வெளக்கையில கேப்பேன். இந்த மனுசன் ஒரு பதிலாவது சொல்லக்கூடாதான்னு நெனைப்பேன்."

கிருஷ்ணப்பன் பையத் தூக்கி நெஞ்சாண்ட வெச்சிகினாரு.

"சரி, நான் பொறுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. குடுத்துராதிய. பாவம்."

"இல்லம்மா. தப்பு எம்மேலதான். நான் ஒருத்தன் கூட இருந்தா போதும்னு நெனச்சேன். நான் கேட்டத் தாண்டினா அதுக்கு யாரு கீறாங்க? ரஷீதாண்ட போய்ட்டு வந்துடறேன்."

"குடுக்கவா?"

"இன்னொண்ணு வாங்க."

"அந்தோணியாரே!" செல்லக்கனி நெஞ்சுல கைய வெச்சிகிச்சு. "ரெண்டா?"

"தொண இருந்தா அடங்கிடும். அவன் அப்பவே சொன்னான். எதாண்ட இது சேந்து நிக்குதோ, அத எடுத்துகினு வர்றேன். இந்தவாட்டி இதுவே பாத்து எடுக்கட்டும்."

ஷேர் ஆட்டோல ஓரமா எடம் கெடச்சிது. பையத் தொடை மேல வெச்சிகினாரு. தேரடி தாண்டினப்ப, மெதுவா ஓட்ட வழியா கைய உள்ள வுட்டு, கோழியோட மாருல உள்ளங்கைய வெச்சாரு. கம்ப்ரசர் ரூம்ல காது எதுக்கும் ஒதவாது. மிஷினு நல்லா ஓடுதான்னு மேல கைய வெச்சித்தான் பாப்பாங்க. அந்தக் கைதான் இது.

இருந்துச்சு. எறகுக்கு அடில, சூட்டோட, மெல்லிசா ஒரு அதிர்வு. ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். எதிர்ல குந்தியிருந்த பொம்பள பையப் பாத்து சிரிச்சுது. அந்தம்மாவுக்குக் கேக்குது போல.

நாளைலேந்து ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். கீர அரியறப்ப இவராண்ட இதுக்கு சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. இருக்கட்டும். வேம்பு அடுப்பாண்ட நின்னு பேசினப்ப ஒரு நாளாவது எழுந்து போயி இப்டி கைய வெச்சிப் பாத்திருக்கலாம்னு தோணுச்சு.

ராயபுரம் வர்ற வரிக்கும் அவரு கைய வெளிய எடுக்கல.