நவம்பர் மாத உபயம்

கம்பெனி கை மாறிய இரண்டாவது வாரம், மேனேஜர் ரகுபதி பெங்களூரிலிருந்து போன் செய்தார். குரலைக் கேட்டதுமே ஹில்டாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"புது ஓனருங்க கொக்கிக்கு இனிமே ஆதரவு இல்லன்னுட்டாங்க ஹில்டா. இந்த மாசத்தோட சரி. உங்களுக்கு வேற வேலை இருக்கு, கவலைப்படாதீங்க. கொக்கிய என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்."

கொக்கி, ஹில்டா ராயபுரத்து மாடியறையில் உட்கார்ந்து பத்து வருடமாக எழுதி வளர்த்த ஓப்பன் சோர்ஸ் கருவி. புரோகிராமில் இருக்கும் பிழையை, அது வெளியே போய் மானத்தை வாங்குவதற்குள் பிடித்துக் கொடுத்துவிடும். இலவசம். எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மூன்று வருடமாக அவளுக்குச் சம்பளம் கொடுத்து, சர்வர் வாடகையும் கட்டி வந்தது அந்த ஒரு கம்பெனிதான். பந்தலை ஒரே காலில் நிறுத்தியிருந்தார்கள், காலை உருவிவிட்டார்கள்.

ஹில்டாவுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தனி ஆளாக இதை இழுக்க முடியாது. கொக்கியை மூடுகிறேன் என்று அதன் இணையப் பக்கத்துக்கு ஓர் அறிவிப்பு எழுதினாள். அன்றைக்கென்று பார்த்து இன்னொரு வேலையும் தலைமேல் இருந்தது. தெருமுனையில் குகைபோல் கட்டியிருந்த மாதா கெபியின் திருவிழாவுக்கு யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்று கேட்கும் உபயப் பட்டியல். கம்ப்யூட்டர் தெரிந்த பாவத்துக்கு வருடா வருடம் அவள்தான் அதை வாட்ஸப் குழுவில் போட வேண்டும். கீழேயிருந்து அண்ணன் வால்டர், "இன்னாமே, லிஸ்ட்டு போட்டியா இல்லியா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். மூக்கைச் சிந்திவிட்டு இரண்டையும் போட்டாள். இடம் மாற்றிப் போட்டுவிட்டாள்.

சற்று நேரத்தில் வால்டர் தடதடவென்று மாடியேறி வந்தான்.

"க்ரூப்புல எழவு சேதி போட்டுகீற? 'பத்து வருடம் கூட இருந்த கொக்கிக்கு விடை கொடுப்போம்'னு? அது உன் கம்ப்யூட்டரு சமாச்சாரம்னு எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியுமா? பெர்சிஸ் அக்கா மால வாங்கட்டுமானு கேக்குது."

ஹில்டா கம்ப்யூட்டர் பக்கம் பாய்ந்தாள். அது இங்கே வந்திருக்கிறது என்றால் இது அங்கே போயிருக்கிறது. உலகமே படிக்கும் கொக்கியின் பக்கத்தில், அழகுத் தமிழில்: கொடியேற்றம், பேண்டு வாத்தியம், சீரியல் லைட், தேர் அலங்காரம், கடைசி நாள் பிரியாணி, உபயம் செய்ய விரும்புவோர் பெயர் கொடுக்கவும்.

பெயர் கொடுத்திருந்தார்கள். மெஷினில் போட்டு மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்கள், புண்ணியவான்கள். பேண்டு வாத்தியம் தனக்கு என்று பின்லாந்திலிருந்து ஒருவர். தேர் அலங்காரத்தை பிரேசிலில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு எடுத்துக்கொண்டது. பிரியாணிக்கு அடிதடி. கம்பெனி கைவிட்ட சேதி ஏற்கெனவே கசிந்திருந்ததால், கொக்கியின் செலவைத்தான் ஹில்டா இப்படிப் பங்கு பிரித்துக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

இது எங்கள் தெருத் திருவிழாப் பட்டியல், தவறிப் போட்டுவிட்டேன், மன்னியுங்கள் என்று பதறி எழுதினாள். ஒருவரும் பின்வாங்கவில்லை. "பேண்டு என்னுடையதுதான். கொக்கிக்கும் ஒரு பட்டியல் போடுங்கள்" என்று எழுதினார் பின்லாந்துக்காரர்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாதத்துக்கு ஓர் உபயம் என்று கொக்கியின் ஒரு வருடச் செலவைப் பிரித்துப் போட்டாள். சின்னச் சின்னக் கம்பெனிகளும் சங்கங்களும் ஓடி வந்து பிடித்துக்கொண்டன. நவம்பர் மட்டும் காலியாகவே கிடந்தது. அந்த ஒரு மாதம் சர்வர் நின்றால், கொக்கியை நம்பியிருப்பவர்கள் வேறு கருவிக்குப் போய்விடுவார்கள். அப்புறம் திரும்பி வர மாட்டார்கள்.

"நவம்பருக்கு ஆள் இல்லண்ணா" என்றாள் வால்டரிடம். அவன் கீழே இறங்கிப் போனான். சாயந்திரம் திருவிழாக் கமிட்டி மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். மீன் ஏலம் விடும் பெர்சிஸ் அக்காதான் பேசினாள்.

"கொக்கி இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது கண்ணு. அதுக்கோசரம் நீ அழுதனு வால்டரு சொன்னான். நவம்பர நம்ம தெருவுக்குப் போடு."

"தெரு பேரு பெர்சா தெரியணும், ஆமா" என்றான் வால்டர். ஹில்டா மறுபடி அழுதாள். இந்த முறை சந்தோஷத்தில்.

தேர் புறப்படும் நேரத்தில் ரகுபதியின் போன் வந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் பின்லாந்து உபயத்தில் தெருவை அதிரவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"லிஸ்ட்ட பார்த்தேன் ஹில்டா. ரொம்ப சந்தோஷம். ஆனா இந்த வருஷம் ஆச்சு, அடுத்த வருஷம்?"

"திருவிழாவுக்கும் வருஷா வருஷம் கேட்டுத்தான் சார் வாங்கறோம். யார் குடுப்பாங்கன்னு எந்த வருஷமும் தெரியாது. தேர் ஒரு வருஷம்கூட நின்னதில்ல."

ரகுபதி சிரித்தார்.

"அப்போ அடுத்த வருஷ லிஸ்ட்டுல ஜனவரிய என் பேர்ல எழுதிக்கோங்க. கம்பெனி பேர் வேணாம். ரகுபதின்னு மட்டும் போடுங்க."