எட்டு வருடம், கழுத்தோடு சேர்த்து

1

இந்தக் கதை என் காதுக் கோளாறில் பிறந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா போன் செய்து, "முகத்தைத் தூக்கலாம்னு இருக்கேன்டா" என்றாள்.

"யார் மேல?" என்றேன்.

எங்கள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள எப்போதும் எதிரே ஒரு ஆள் தேவை. பெரும்பாலும் அந்த ஆள் நான்தான்.

"யார் மேலயும் இல்லடா. டாக்டர்கிட்ட. கத்தி வச்சு."

சொந்த அக்கா கன்னத்தை அறுத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறாள். தம்பி பேனாவைத் தேடுகிறான். வெட்கமில்லாத தொழில் இது.

2

முதல் தொடக்கம்: "ஐம்பத்தேழாவது வயதில் ஒரு காலை அவள் கண்ணாடி முன் நின்றபோது—"

வேண்டாம். கண்ணாடியில் தொடங்கும் கதைகள் உங்களிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும். போதாக்குறைக்கு, அக்கா கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டே தலை சீவி முடிப்பவள்.

இரண்டாம் தொடக்கம்: "மாமா போய் நான்கு வருடங்களாகத் தனிமை அவளை மெல்ல—"

இதையும் நிறுத்திவிட்டேன். கணவனை இழந்தவள், தனிமை, அழகாகும் ஆசை என்று அடுக்கினால் கதை தானாகவே நடந்து போய்விடும். தானாக நடக்கும் கதையும் தானாக விற்கும் சரக்கும் எங்கோ கிழிந்திருக்கும்.

[இந்த இடத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருந்தார். அக்காமேல் அவருக்கு ஒரு கண். வரைவைப் படித்த அக்கா, "யாருடா இந்தாளு? வெளிய அனுப்பு" என்றாள். அனுப்பிவிட்டேன்.]

3

அப்படியானால் உண்மைக் காரணம் என்ன? அதைத் தெரிந்துகொள்ளக் கடையில் போய் உட்கார்ந்தேன். திரைச்சீலைத் துணிக் கடை, அப்பா வைத்தது. நாங்கள் இருவரும் துணிச் சுருள்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள்.

ஒரு இளம் தம்பதி வந்தார்கள். சாம்பல் நிறத் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள். அக்கா விலை சொன்னாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், தங்களுக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள், சொன்னதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"பாத்தியா?" என்றாள் அக்கா.

"என்னத்த? வியாபாரம் ஆச்சு."

"பேரம் பேசலடா! நாலு வருஷமா ஒருத்தரும் பேசல. என் மூஞ்சியப் பாத்துட்டு, பாவம்னு குடுத்துட்டுப் போறாங்க. சும்மா உக்காந்திருந்தாலே அழுதுட்டு வந்த மாதிரி இருக்காம். நான் எங்கடா அழுதேன்? ரெடியா உக்காந்திருக்கேன்!"

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். கன்னம் இரண்டும் இறங்கி, வாயோரங்களையும் கூட இழுத்துக்கொண்டு போயிருந்தன. உள்ளே இருப்பவள் சண்டைக்குத் தயார். வெளியே இருக்கும் முகம் ஏற்கெனவே தோற்றுவிட்டது.*

* பேரம் என்றால் விலையைக் குறைப்பது என்று நினைப்பவர்களுக்கு: இல்லை. எதிரில் இருப்பவரை ஒரு ஆளாக மதித்தால்தான் அவரோடு மல்லுக்கு நிற்க முடியும். பாவப்பட்டவர்களிடம் யாரும் பேரம் பேசுவதில்லை.

4

முதல் டாக்டருக்கு ஆல்பக்காரர் என்று பெயர் வைத்தோம். அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று தடித்த ஆல்பம் ஒன்றைப் புரட்டிக்கொண்டே பேசுவார்.

வேண்டிய துணியை முதலில் தொடாதே என்பது எங்கள் கடைப் பாடம். பச்சை வேண்டுமென்றால் நீலத்தை விசாரிக்க வேண்டும். அதனால் முகத்துக்காகப் போன அக்கா கால் மணி நேரம் மூக்கைப் பற்றிக் கேட்டாள். ஆல்பக்காரர் அதை அப்படியே நம்பி, கணினியில் அவளுக்குப் புது மூக்கு ஒன்றை வரைந்து, தேதியும் குறித்துவிட்டார்.

"முகம்?" என்றாள் அக்கா போகிற போக்கில்.

"அதையும் சேர்த்தே பண்ணிடலாம் மேடம்."

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"உங்களுக்காகக் குறைச்சிட்டேன் மேடம்."

படி இறங்கும்போது அக்கா கொதித்தாள். "கேட்டு வாய மூடல, குறைச்சிட்டான். இவனும் பாவம் பாக்கிறான்டா." நான்கு படி கழித்து நின்றாள். "என் மூக்குக்கு என்னடா குறைச்சல்?"

"ஒண்ணுமில்லக்கா."

5

இரண்டாமவர் ஒரு பெண். காதில் பென்சில் செருகியிருந்தார். சுவரில் ஒரு படமும் இல்லை. ஜன்னலோரம் ஒரு சுழல் நாற்காலி மட்டும். அக்கா வழக்கம்போல மூக்கில் தொடங்கினாள்.

"நீங்க மூக்குக்காக வரலம்மா" என்றார் பென்சில்காரம்மா. "உக்காருங்க. எதுக்கு வந்தீங்களோ அதச் சொல்லுங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குட்டு உடைந்து நான் பார்த்தது அதுவே முதல்முறை. பிறகு சொன்னாள், பேரத்தைப் பற்றி எல்லாவற்றையும். டாக்டர் சிரிக்கவில்லை. அவள் கன்னத்தை இரண்டு விரலால் காதுப் பக்கம் ஒதுக்கிப் பார்த்தார்.

"மேல் துணிய மட்டும் இழுப்பீங்களா, லைனிங்கையும் சேர்த்தா?" என்றாள் அக்கா.

"லைனிங்கத்தான் தூக்கித் தைப்பேன். மேல் துணி அதுமேல சும்மா படுத்துக்கணும். தோல மட்டும் இழுத்தா எதிர்க்காத்துல நிக்கிற மூஞ்சி வரும்."

அக்கா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். எனக்குத் தெரிந்த சத்தம் அது.

"பன்னெண்டு வருஷம் குறைக்கணும்."

"ஆறு."

"ஆறு வருஷத்துக்கு யாராவது கத்திக்குக் கன்னத்தக் குடுப்பாங்களா? பத்து."

"பத்து குறைச்சா உங்க தம்பிக்கே அடையாளம் தெரியாது."

"அவனுக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? ஒம்பதரை."

"அரை வருஷத்த எங்கம்மா வெட்டறது? ஏழு."

"கழுத்தையும் போடுங்க."

"கழுத்தோட சேர்த்து எட்டு. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

"சரி."

"அவசரப்படாதீங்க. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. சிலருக்குப் புருவத்துக்குப் போற நரம்பு அசந்துடும், புருவம் ஏறாது. பெரும்பாலும் திரும்பி வரும். அபூர்வமா வராமலும் போகலாம்."

அக்காவின் கை இடது புருவத்துக்குப் போனது.*

* அந்தப் புருவத்தை உங்களுக்குத் தெரியாது. எதிராளி ஒரு விலை சொன்னதும் அது பாதி ஏறும். அவள் வாயே திறக்க வேண்டாம். எதிராளியே அடுத்த விலைக்கு இறங்கிவிடுவார்.

6

இங்கே நான் ஒரு அழகான முடிவு வைத்திருந்தேன். பேரம் நடந்த அந்த இரண்டு நிமிடமும் கத்தியில்லாமலே அக்காவின் முகம் ஏறியிருந்தது. வெளியே வந்ததும் சொன்னேன்: "உனக்கு வேண்டியது உள்ளயே கிடைச்சிடுச்சேக்கா. அப்புறம் அறுவை எதுக்கு?"

எழுத்தாளன் இதுபோல ஒன்றைச் சொன்னால் எதிரில் இருப்பவர் கண் கலங்க வேண்டும். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முகத்தப் பாக்கிறது அந்தம்மா தொழில்டா. உக்கார வச்சு, விசாரிச்சு, பாத்தாங்க. தெருவுல வர்றவனுக்கு ஏது அவ்வளவு நேரம்? வாசல்லயே பாவம்னு முடிவு பண்ணிட்டுத்தான் உள்ள வர்றான்."

என் அழகான முடிவு படிக்கட்டிலேயே கிடக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

7

மற்றவையும் இருக்கின்றன. ஒன்றில், அறுவை முடிந்து ஒரு வாடிக்கையாளர் "என்னங்க இந்த விலை சொல்றீங்க?" என்கிறார்; புருவம் ஏறுகிறது. இன்னொன்றில் அவர் அதையேதான் கேட்கிறார், புருவம் ஏற—

மூன்றாவதில் அக்கா மனம் மாறி, கடை வாசலில் 'இங்கே பேரம் பேசவும்' என்று பலகை மாட்டுகிறாள். இதைப் படித்துவிட்டு, "போர்டு போட்டுக் கேட்டா பேரமாடா? பிச்சை" என்றாள்.

எல்லா முடிவுகளையும் படித்தாள். துணியைத் திருப்பி மறுபக்கம் பார்ப்பதுபோலத் தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

"முடிவ எழுதாத" என்றாள். "எழுதிட்டா அது சீட்டு ஒட்டின விலை மாதிரி. படிக்கிறவங்க, பாவம் அந்தம்மான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நான் கேக்கிறத மட்டும் எழுது. அவங்க பதிலுக்கு ஒண்ணு சொல்லட்டும்."

பென்சில்காரம்மா கொடுத்திருக்கும் தேதி வரும் புதன்கிழமை. வேண்டாமென்றால் திங்களுக்குள் சொல்ல வேண்டும். அதுவரை அக்கா காலை பத்திலிருந்து கடையில்தான் இருப்பாள்.

அவள் கேட்பது: எட்டு வருடம், கழுத்தோடு சேர்த்து, புருவத்துக்குச் சேதாரம் இல்லாமல்.

உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள்.