சிரிப்பு ஒன்று, நல்ல நிலையில்

ஸ்டோர்கீப்பரை வேலையை விட்டு அனுப்பிய செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு அவருடைய தும்மல் அக்கவுண்டன்டுக்கு வந்து சேர்ந்தது. சாதாரணத் தும்மல் அல்ல. ஒரு தடவை ஆரம்பித்தால் ஏழு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினெட்டு வருஷமாக அந்த அலுவலகம் அதைக் கேட்டுத்தான் தேநீர் நேரத்தைத் தெரிந்துகொண்டது. அன்றைக்கும் நேரம் தவறாமல் தும்மல் கேட்டது, வேறொரு மூக்கிலிருந்து. ஸ்டோர்கீப்பர் வாசலில் நின்று தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார், பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு மிளகுத்தூளை மூக்கருகே கொண்டுபோனால்கூட அவர் தும்மவில்லை என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொன்னார்.

எல்லாம் ஒப்படைப்புத் தாள் செய்த வேலை. தண்ணீர் பம்பு விற்கும் அந்தக் கம்பெனியில் யார் விலகினாலும் தாளின் இடது பக்கம் கொடுப்பவரும் வலது பக்கம் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று பிரதி. இரண்டு கையெழுத்தும் விழாமல் யாருடைய சம்பளத்தையும் நிறுத்த முடியாது. ஏதோ ஒரு காலத்தில் ஒருவர் பீரோ சாவியோடு ஊரை விட்டே போய்விட்டதால் முதலாளி போட்ட விதி. தாளின் நடுவில் பொருள், எண்ணிக்கை, நிலை என்று மூன்று பத்திகள். அவற்றை நிரப்பும் பொறுமை பன்னிரண்டு பேர் கொண்ட அந்தக் கிளையில் யாருக்கும் இருந்ததில்லை. மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, குறுக்கே ‘எல்லாம்’ என்று எழுதிவிடுவார்கள். எழுதியபடியே போகிறவருடையது எல்லாமும் வாங்குபவருக்குப் போய்விடும். முன்பெல்லாம் இரண்டு வருஷத்துக்கு ஒருவர் போவார். கைமாறியது ஒரு கொட்டாவியோ ஒரு இருமலோ, யார் கண்ணிலும் படவில்லை.

செலவைக் குறைக்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்குத் தோன்றிய பிறகு ஆட்கள் வரிசையாகப் போனார்கள். நான்கு மாதத்தில் அக்கவுண்டன்ட் போனபோது, ஸ்டோர்கீப்பரின் தும்மலும் அக்கவுண்டன்டின் விசிலும் ரிசப்ஷன் அம்மாவுக்குப் போயின. டிரைவரின் முதுகுவலியும் அவர் தலையில்தான் விழுந்தது. அவரை அனுப்பியபோது எல்லாம் மொத்தமாக டெஸ்பாட்ச்காரருக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தபாலுக்கு எண் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். யார் எதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் “வச்சிட்டுப் போங்க” என்பார். அப்படிப்பட்டவரிடம் உலகம் எதைத்தான் வைத்துவிட்டுப் போகாது? இரண்டு வருஷத்தில் பத்துப் பேர் போனார்கள், பத்துப் பேரும் அவருக்குள் குடிவந்தார்கள். காலையில் அக்கவுண்டன்டைப்போல இடது கையால் பல் தேய்த்தார், மதியம் டிரைவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார், மூன்று மணிக்கு கொட்டேஷன் எழுதுபவரின் தூக்கம் வந்து உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் தூங்கினார். வேலைகளையும் ஒன்றுவிடாமல் செய்தார், ஏனென்றால் வேலைகளும் கூடவே வந்திருந்தன.

தலைமை அலுவலகம் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு ஆளை அனுப்பிய மறுநாளும் ஒரு கேக்கும் ஒரு சுற்றறிக்கையும் வரும். நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று அதில் இருக்கும். பன்னிரண்டு பேர் தின்ற கேக்கை இரண்டு பேர் தின்னும் நிலை வந்தபோதும் கேக்கின் அளவு குறையவில்லை. அந்த மட்டில் கம்பெனிக்கு நல்ல மனசு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ‘நீங்கள் எவ்வளவு உற்சாகமாக இருக்கிறீர்கள், ஒன்றிலிருந்து பத்துக்குள் எழுதவும்’ என்று ஒரு படிவமும் வரும். டெஸ்பாட்ச்காரர் நேர்மையான மனிதர். உள்ளே இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு, தன்னுடையதையும் சேர்த்து, எழுபத்தெட்டு என்று எழுதினார். உற்சாகத்தில் அந்தக் கிளைக்கே முதலிடம் என்று பாராட்டுக் கேடயம் வந்தது.

வீட்டில் கதை வேறு. “பத்துப் பேருக்குச் சமைச்சுப் போடுறேன், அதுகூடப் பரவாயில்ல. எங்க வீட்டுக்காரர மட்டும் காணோம்” என்று அவர் மனைவி தன் அக்காவிடம் போனில் அழுதாள். அவர் சிரித்தால் ரிசப்ஷன் அம்மா, நடந்தால் டிரைவர். இதில் அவர் எங்கே என்று அவளுக்கு மட்டுமல்ல, அவருக்கும் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தேடிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் தபாலுக்கு எண் போட்டதில் தனக்கென்று என்ன மிஞ்சியது என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை. அன்றுதான் முதல்முறையாக அவருக்குப் பயமாக இருந்தது. அடுத்த தாளில் தன் பெயர் வந்தால் ‘எல்லாம்’ என்று கோடு இழுப்பார்கள். பிறகு வீட்டுக்குத் திரும்பிப் போவது யார்?

அந்த வாரம் ரிசப்ஷன் அம்மாவின் கணவர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “தப்பா நினைக்காதீங்க சார். வேலை போனதுக்கு அவ அழுதா, அழட்டும்னு விட்டேன். இப்ப அழுறதும் இல்ல, சிரிக்கிறதும் இல்ல. ஒரே ஒரு தடவ சிரிச்சுக் காட்டுங்க, போன்ல பதிஞ்சுக்கிறேன்” என்றார். டெஸ்பாட்ச்காரர் சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, நடுவில் ஒரு மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பிக்கும் அதே சிரிப்பு. கணவர் போனைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் போன பிறகு டெஸ்பாட்ச்காரருக்கு அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

பிறகு தலைமை அலுவலகம் ஒரு காரியம் செய்தது. கிளையை மூடுவதென்று முடிவெடுத்து, டெஸ்பாட்ச்காரருக்கு முன்னால் மேனேஜரை அனுப்பிவிட்டது. ஒன்றரை நிமிஷப் போன் பேச்சு. பத்துப் பேரிடம் தாளை நீட்டிய மேனேஜர் தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் யார்கிட்ட கொடுக்கிறது?” என்றார். “வச்சிட்டுப் போங்க சார்” என்றார் டெஸ்பாட்ச்காரர். மேனேஜரிடமிருந்து வந்தவை இரண்டு: போன் அடித்தால் வயிற்றைப் பிசையும் ஒரு பயம், இரண்டு சுழியும் ஒரு வெட்டும் கொண்ட கையெழுத்து. அந்தக் கையெழுத்தோடு ஆளை நியமிக்கும் அதிகாரமும் வந்திருந்தது.

மறுநாள் காலை டெஸ்பாட்ச்காரர் மேனேஜருக்கும் சேர்த்துப் பதினொரு நியமனக் கடிதங்கள் அடித்து, இரண்டு சுழி ஒரு வெட்டு போட்டு, எண் கொடுத்து, தபாலில் சேர்த்தார். ஒரு நாள் வேலை, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. கம்பெனி ஆளாக இருந்தால்தானே வலது பக்கம் கையெழுத்துப் போட்டு வாங்க முடியும். பதினொரு பேரும் எட்டரைக்கே வந்துவிட்டார்கள். அந்தக் கிளையின் வரலாற்றில் முதல்முறையாக ஒப்படைப்புத் தாளின் மூன்று பத்திகளும் நிரப்பப்பட்டன. சிரிப்பு, ஒன்று, நல்ல நிலையில். ரிசப்ஷன் அம்மா வலது பக்கம் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடுவதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் போனவர்கள் நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். தும்மல், ஏழு கொண்ட தொகுதி ஒன்று. விசில், ஒன்று, லேசாகக் கீறல் விழுந்தது. மதியத் தூக்கத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். முதுகுவலியை யாரும் தன்னுடையதென்று சொல்லவில்லை. எல்லோரும் டிரைவரையே பார்க்க, “சரி, கொடுங்க, என்னோடதுதான்” என்று அவர் வாங்கிக்கொண்டார்.

கையெழுத்து கடைசிவரை தேவைப்பட்டதால் மேனேஜர் முறை கடைசியில் வந்தது. “அந்தப் பயத்த மட்டும் எழுதாம விட்டுடக் கூடாதா?” என்று அவர் மெதுவாகக் கேட்டார். “விட்டா எங்கிட்ட நின்னுடும் சார்” என்றார் டெஸ்பாட்ச்காரர். மேனேஜர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே ஏதோ போன் அடித்தது, அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பதினொரு நியமனத்தைப் பற்றிக் கேள்வி இல்லை; அவர்கள் பட்டியலில் அந்தப் பதினொரு பேரும் ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தார்கள். தாளை மேசையில் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, “எல்லாம்னு ஒரு கோடு போடுங்க, மூணு நிமிஷ வேலை” என்றார். டெஸ்பாட்ச்காரருக்குக் காது மடல் சுட்டது. நெஞ்சில் ஏதோ கொதித்தது. இது யாருடையதோ என்று அவர் பதறிவிட்டார். அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டு, பதினொரு பேருக்கும் போன் போட்டு, “என்கிட்ட ஏதோ ஒண்ணு தங்கிடுச்சு, சூடா இருக்கு, உங்களோடதா?” என்று விசாரித்தார். யாருடையதும் இல்லை.

தாளை மூன்று மணிக்குத் தருவதாக அதிகாரியிடம் சொல்லிவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போனார். தட்டு வைக்க இரண்டு நிமிஷம் தாமதம். அவ்வளவுதான். “ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் உக்காந்திருக்கிறது? இருபத்திரண்டு வருஷம் உக்காந்தாச்சு! மூணு நிமிஷ வேலையாம்!” என்று கத்தினார்; தம்ளர் உருண்டது. மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு போனை எடுத்து, “அக்கா, வந்துட்டாருக்கா! இது அவர் கத்தல்தான். கல்யாணமான புதுசுல இப்படித்தான் கத்துவாரு. இந்த வேலைக்குப் போனப்புறம்தான் காணாமப் போச்சு” என்று தேம்பினாள்.

மூன்று மணிக்கு அவர் அலுவலகம் திரும்பி, தாளை நிதானமாக நிரப்பினார். மேசை ஒன்று, ஒரு கால் ஆட்டம். தபால் பதிவேடு பதினான்கு. தராசு ஒன்று. அடியில் கோடு போட்டு முடித்து, இடது பக்கம் கையெழுத்துப் போட்டார். அதிகாரி வரிசையை மேலும் கீழும் பார்த்து, “வேற ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்.

“இருக்கு. அது என்னோடது” என்றார் டெஸ்பாட்ச்காரர், தெருவரைக்கும் கேட்கிற மாதிரி.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வலது பக்கம் கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதியிலும் போட்டார். அன்று மாலை டெஸ்பாட்ச்காரர் வீட்டில் கிளம்பிய சண்டை எட்டு மணிவரை நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அவர் வேலையிலிருந்து வந்துவிட்டார் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.