குட்டிக்கையின் கதைகள்

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, வரும்போது எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்பதே மங்கலாகத்தான் தெரியும். அவர்களை உட்காரவைத்து, புதுக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்து, "இப்போ நல்லா தெரியுதா?" என்று கேட்பது அவள் வேலை. நன்றாகத் தெரிந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது அவளுடைய இடது கையை. முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடை தூரம் வந்து, இதுபோதும் என்று நின்றுவிட்ட கை. காசு கொடுத்து வாங்கிய பார்வையை முதன்முதலில் எதில் செலவழிக்கிறார்கள் பாருங்கள்.

"கைக்கு என்னம்மா ஆச்சு?"

இதைக் கேட்காமல் போனவர்களை அவள் விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு ஒரு கை விரல்களே தாராளம்.

ஆரம்பத்தில் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மை யாருக்கும் பிடிக்கவில்லை. "அப்படியா, அம்மா வயித்துல இருக்கும்போது என்ன பண்ணாங்களாம்?" என்று இறந்துபோன அவள் அம்மாவை விசாரணைக்கு இழுத்தார்கள். எண்ணெய் தடவச் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதனால் அவள் கதை சொல்லத் தொடங்கினாள். ஒருவருக்குச் சொன்ன கதையை இன்னொருவருக்குச் சொல்வதில்லை என்பது அவளாக வைத்துக்கொண்ட சட்டம். சர்க்கஸ் சிங்கம் கடித்தது, மந்திரவாதி அறுத்துவிட்டு ஒட்ட மறந்துபோனது, சுறாமீன், பாட்டு வாத்தியார் என்று கதைகள் வளர்ந்தன. சிங்கக் கதையைக் கேட்ட ஒரு பெரியவர் ரொம்ப நேரம் யோசித்து, "ஆண் சிங்கமா, பெண் சிங்கமா?" என்றார். உள்ளறையில் கண் பரிசோதித்துக்கொண்டிருந்த முதலாளிக்குப் புரையேறிவிட்டது.

கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள் அவளுடைய மகள் சுண்டு. முதல் வகுப்பு. அப்பா லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அதனால் பள்ளி விட்டால் அவளுக்குக் கடைதான். பேச்சு வந்த புதிதில் அம்மாவின் அந்தக் கைக்குக் குட்டிக்கை என்று பெயர் வைத்தவள் அவள். தூங்கும்போது குட்டிக்கையைக் கட்டிக்கொண்டால்தான் தூக்கம் வரும். அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காததால் அம்மாவும் சொன்னதில்லை.

ஒரு நாள் ஒரு அம்மாள் வந்தார். சிலரைப் பார்த்ததும் கதவைச் சாத்தத் தோன்றும், அந்த ரகம். கண்ணாடி மாட்டியதும் கையைப் பார்த்தார். பிறகு சுண்டுவைப் பார்த்தார்.

"உன் பொண்ணா? அதுக்கு எல்லாம் சரியா இருக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் சுண்டுவின் இடது கையைப் பிடித்து இழுத்து, சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குவதுபோல விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

தன்னைப் பற்றி எது கேட்டாலும் சிரிக்கிறவளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் சொன்னாள்:

"பிறக்கும்போது அவளுக்கு இந்தக் கை இல்லைம்மா. டாக்டர் என்னோடதை எடுத்து அவளுக்கு வெச்சுத் தைச்சுட்டாரு."

அந்த அம்மாள் விரலைச் சுட்டுக்கொண்டவர்போலக் கையை விட்டார். பேரம்கூடப் பேசாமல் போய்விட்டார். "இதுவரைக்கும் சொன்னதிலேயே இதுதான் உசத்தி," என்றார் முதலாளி. அவளுக்கும் அன்று முழுக்கப் பெருமைதான். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்னதாக ஏதோ மாறியது. சுண்டு இடது கைக்கு மட்டும் காலுறை மாட்டிக்கொண்டு படுத்தாள். விளையாட்டு என்று அம்மா விட்டுவிட்டாள். குளிக்கும்போது அந்தக் கைக்கு இரண்டு முறை சோப்புப் போட்டாள். சுத்தம் வந்துவிட்டது என்று அம்மா மகிழ்ந்துகொண்டாள். பிறகு ஒரு மாலை வீட்டுப்பாடத்தைப் பார்த்தபோதுதான் திக்கென்றது. எழுத்தெல்லாம் குடித்துவிட்டு நடப்பதுபோலக் கோணிக்கொண்டிருந்தது. சுண்டு இடதுகைக்காரி. இப்போது வலது கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

யாரோ பிள்ளையை மிரட்டி மாற்றியிருக்கிறார்கள். அவள் மறுநாள் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பள்ளிக்கு வரிந்துகட்டிக்கொண்டு போனாள். டீச்சர் சின்னப் பெண். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் ஒன்னும் சொல்லலைங்க. வீட்டுல நீங்கதான் மாத்தச் சொன்னீங்களோன்னு நினைச்சேன்," என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "சாப்பிடறது, பை தூக்கறது எல்லாமே ஒரு கையாலதான். உங்களைப் பார்த்து அப்படியே செய்யறாளோ?"

போன வேகம் வரும்போது இல்லை. வழியெல்லாம் தான் ஒரு குறையாக நினைக்காததைப் பிள்ளை தலையில் கட்டிவிட்டோமா, பள்ளியில் யாராவது கேலி செய்து பிள்ளை மனசு உடைந்துவிட்டதா, நிஜமாகவே அந்தக் கையில் ஏதாவது கோளாறா என்று மாற்றி மாற்றி நினைத்துத் தவித்தாள்.

அன்று மாலை கட்டிலில் உட்கார்ந்து சுண்டு சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் பொத்தான் போடுவது அம்மாவுக்குக் கைவந்த வித்தை, பிள்ளைக்கு வரவில்லை. இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கைக்கு என்னடா ஆச்சு?"

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன கேள்வி என்று அவளுக்கு உறைத்தது.

சுண்டு தலையை நிமிர்த்தாமல், "சிங்கம் கடிச்சிருச்சு," என்றாள்.

"தங்கம், அம்மாகிட்ட நிஜத்தைச் சொல்லு."

"நீ மட்டும் நிஜத்தைச் சொல்றியா?"

அம்மா குட்டிக்கையை நீட்டிப் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அந்தக் கைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சுண்டு சொன்னாள்:

"இது உன் கைதானே. அழுக்காக்காம வெச்சிருக்கேன். இப்போ உனக்குச் சின்னதா இருக்கும். பெருசானதும் திருப்பிக் குடுத்துடறேன்."

அம்மா அழுதாள். பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தவள், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். சுண்டு பயந்துபோய், "இப்பவே வேணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்டா. அது உன் கை. நீ பிறக்கும்போதே உன்கூட வந்தது. அந்த அம்மாகிட்ட நான் பொய் சொன்னேன். எனக்குக் கோவம், அதான்."

"அப்போ உன் கையை யார் எடுத்தா?"

"யாரும் எடுக்கலை. நான் பிறக்கும்போதே இவ்ளோதான் இருந்துச்சு."

"வலிச்சுதா?"

"இல்லை."

சுண்டு கொஞ்சம் யோசித்தாள். "அவ்ளோதானா?" என்றாள். முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. "சிங்கம்தான் நல்லா இருந்துச்சு."

அழுகையோடு அம்மாவுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னாள். "நீ பிறந்ததும் நானும் உன் விரலை எண்ணினேன்டா."

"எல்லாம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. இல்லாட்டியும் உன்னைத்தான் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்திருப்பேன்."

சுண்டு தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முழுசா என்னோடதா?" என்று இன்னொரு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பிறகு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டாள். பல நாள் அரிப்பு போலிருக்கிறது.

மறுநாள் கடையில் ஒரு தாத்தாவுக்குப் புதுக் கண்ணாடி. மாட்டியதும் முகம் மலர்ந்தது. பார்வை கீழே இறங்கியது.

"கைக்கு என்னம்மா ஆச்சு?"

உள்ளறையில் முதலாளி காதைத் தீட்டிக்கொண்டார். அவளுக்கு ஒரு நீர்யானைக் கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முக்காலியை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

"அதைச் சொல்லவேண்டியவங்ககிட்ட சொல்லிட்டேங்க. உங்களுக்குக் காதுகிட்ட அழுத்துதா, அதைச் சொல்லுங்க."

தாத்தா கெட்டவர் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் எழுந்து பழக்கமில்லாதவர். கல்லாப் பக்கம் குனிந்து, "பாப்பா, நீயாவது தாத்தாவுக்குச் சொல்லேன். அம்மா கைக்கு என்ன ஆச்சு?" என்றார்.

சுண்டு எழுதுவதை நிறுத்தினாள். மணிக்கட்டு வரை மை அப்பியிருந்த இடது கையை அவர் கண்ணாடிக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

"அது அம்மா கை தாத்தா. இது என் கை."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.